காட்டாறு கமலநாதனின் நாற்பதாவது பேய்

காட்டாறு கமலநாதன் கிராமத்துப் பேய் நாவல்களில் பெரிய புள்ளி. ஆனால் மனுஷன் செங்கல்பட்டைத் தாண்டிப் போனதில்லை. பேய் வாயைத் திறக்கும் இடத்திலெல்லாம், 'இங்கே ஊர்ப்பேச்சு போடவும்' என்று தாளில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். பதிப்பகத்தில் டைப் அடிக்கும் தங்கபுஷ்பம் விளாத்திகுளத்துக்காரி. பன்னிரண்டு வருஷமாகக் கழுத்து வலியோடு அந்தப் பேய்களைப் பேசவைத்தது அவள்தான்.

ஒருநாள் வாசகர் ஒருவர் அந்தப் பேச்சைப் புகழ்ந்து கடிதம் போட்டார். "அதெல்லாம் நம்ம புஷ்பம் போட்டதுதானே" என்று முதலாளி வாய்தவறிச் சொல்லிவிட்டார். வந்ததே கோபம் கமலநாதனுக்கு!

"இனிமே என் எழுத்துல ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. மாறினா இந்தப் பொம்பளைக்கு இங்க வேலை கிடையாது!"

"சரிங்க சார்" என்றாள் தங்கபுஷ்பம். எதிர்த்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை.

நாற்பதாவது நாவலின் புரூஃப் போனது. அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

வெளியீட்டு விழாவில் அவரே மைக்கைப் பிடித்து, குரலை நடுங்கவிட்டு வாசித்தார்: "புளியமரத்துப் பேய் முருகையனைப் பார்த்துச் சீறியது. இங்கே ஊர்ப்பேச்சு போடவும்."

கூட்டம் சிரித்தது. அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். அங்கேயும் அதே வரி.

"என்னம்மா இது?" என்று மேடையிலிருந்தே கத்தினார்.

கடைசி வரிசையில் தங்கபுஷ்பம் கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு புள்ளிகூட மாத்தலையே சார். பேயும் பாவம், நீங்க என்ன சொல்லப்போறியளோன்னு உங்க வாயப் பாத்துக்கிட்டே நிக்கி."