கரைசலில் பள்ளம் விழவில்லை

“மேடம், என் கருவியில தப்பே இல்ல. இந்த இரும்புதான் ஏமாத்துது.”

சங்கரலிங்கம் இப்படிச் சொன்னதும் ஜெபசெல்வி சிரித்துவிட்டார். இரும்பின் மேலேயே பழி போடுகிற ஆளை என்னதான் செய்வது!

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி, தலை நரைத்த பிறகு இயற்பியல் ஆராய்ச்சிக்கு வந்தவர் சங்கரலிங்கம். வழிகாட்டியான ஜெபசெல்வி அவரைவிட இளையவர். காமாக் கதிரை அணுக்கரு உறிஞ்சுவதை அளக்கும் கருவியை, திருகாணி முதற்கொண்டு, சங்கரலிங்கமே தன் கையால் கட்டியிருந்தார். வெளிநாட்டுக் கருவி வாங்க வக்கில்லாத கல்லூரி அது.

நாளைக்கு நிபுணர் குழு வருகிறது. கருவி வேலை செய்யாவிட்டால் பிரித்துப் போடச் சொல்லிவிடுவார்கள்.

“கதிரை அனுப்புறதும் இரும்பு அணுக்கரு. வாங்க வேண்டியதும் அதே இரும்பு. அப்புறமும் தொடமாட்டேங்குது. உறிஞ்சினா திரையில கோடு பள்ளமா இறங்கணும். ஒரு பள்ளம் விழல, மேடம்!”

“இரும்பை எப்படி வச்சிருக்கீங்க, சார்?”

“கரைசலாத்தான். கசடே இல்லாம, அவ்வளவு தெளிவாக் கரைச்சிருக்கேன்.” அதில் மனிதருக்குத் தனிப் பெருமை.

ஜெபசெல்வி சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க.”

உட்கார்ந்தார்.

ஈயக்குண்டு நிரப்பிய பையை எடுத்து அவரை நோக்கி வீசினார் ஜெபசெல்வி. அவர் பிடித்தார். நாற்காலி கடகடவென்று பின்னால் ஓடியது.

“நான் வீசினது முழுசா வந்துச்சா?”

“எங்க வந்துச்சு? கொஞ்சம் என்னை உருட்டுறதுலயே போயிடுச்சே!”

“அணுக்கரு அப்படிக் குறைச்சு வாங்கிக்குமா?”

“வாங்காது. துளி குறைஞ்சாலும் விட்டுடும்.”

ஜெபசெல்வி நாற்காலியைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார். மறுபடி வீசினார். சங்கரலிங்கம் பிடித்தார். நாற்காலி அசையவில்லை.

பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைத் திரும்பிப் பார்த்தார் சங்கரலிங்கம். பிறகு கரைசல் இருந்த குப்பியைப் பார்த்தார்.

“அட கடவுளே! இரும்பை மிதக்க விட்டுட்டேனே! கதிர் பட்டதும் பின்னால ஓடிடுமே!”

ஓடிப்போய்க் குப்பியைச் சுற்றித் திரவ நைட்ரஜனை ஊற்றினார். கரைசல் உறைந்து கல்லாக இறுகியது.

சாயங்காலம் திரையில் பள்ளம் விழுந்தது. அழகான, ஆழமான பள்ளம். சங்கரலிங்கம் தன் கருவியைத் தட்டிக்கொடுத்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உடனே கோபமும் வந்தது.

“மேடம், உங்களுக்கு இது முன்னாடியே தெரியும்தானே?”

“தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை நாள் சோறு தண்ணி இல்லாம அலைஞ்சேன்!”

“சொல்லியிருந்தா, யார் கண்டுபிடிச்சதுன்னு நாளைக்குக் குழுவுல கேட்கும்போது, யார் பேரை சார் சொல்லுவீங்க?”