ஏழெழுபதில் முதல் தரம்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் தலைமையாசிரியர் ஆசீர்வாதம். சத்துணவு முட்டை ஆறு காணாமல் போனதும், மணியடிக்கிற நான்தான் திருடினேன் என்று காலை ஜெபத்தில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னார். மறுநாள் அவர் வீட்டு நாயே வாயில் முட்டையோடு பிடிபட்டது. மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே, போதகர் வகுப்பைப் பார்க்க வரும் நாளில், வேதபாட டீச்சர் லீவு போட்டுவிட்டார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"ஓய் பொன்னையா, மூன்றாம் வகுப்புக்கு மன்னிப்புப் பாடம் நடத்தும். போதகர் கேட்கும்போது பிள்ளைகள் முழித்தால், நாளைக்கு மணியடிக்க வர வேண்டாம்."

"எனக்கு வாசிக்கவே தெரியாதே, சார்."

"அது உம்ம பாடு."

போனேன். புத்தகத்தைத் திறக்கவில்லை. "தப்பு செய்தவங்க எழுந்து போய், யாருக்குச் செய்தீங்களோ அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றேன். பென்சில் எடுத்தவன், சடையை இழுத்தவன், எல்லோரும் கேட்டு முடித்தார்கள்.

போதகர் தலைமையாசிரியரோடு உள்ளே வந்தார். "இன்றைக்கு என்ன படித்தீர்கள்?"

முன்வரிசை சாராள் எழுந்தாள். "மன்னிப்புக் கேட்கிறது, ஐயா. நாங்க எல்லாரும் கேட்டுட்டோம். முட்டைக்காகப் பெரிய சார்தான் மணித் தாத்தாகிட்ட இன்னும் கேட்கலை."

என்ன முட்டை என்று போதகர் கேட்க, முப்பது பிள்ளைகளும் சேர்ந்து சொன்னார்கள். நாயின் பெயரையும் விடவில்லை.

தலைமையாசிரியர் என்னை முறைத்தார். "ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு ஆண்டவர் சொன்னது தெரியாதா ஓய்?"

"தெரியும், சார். அத்தனை தரமும் மன்னிக்கத் தயார். நீங்க முதல் தரம் கேளுங்க."

போதகர் சிரித்துவிட்டார். "பிறகு பார்க்கலாம்" என்று தலைமையாசிரியர் வெளியேறினார். என் வேலைக்கு ஆபத்து வரவில்லை.

ஒன்பது வருஷமாயிற்று. ஞாயிறுதோறும் ஆலயத்தில் எனக்கு முந்தின பெஞ்சில்தான் உட்காருகிறார். இன்னும் திரும்பவில்லை.