மயிலாத்தாளின் விரல்

குருவுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். சீடருக்கு எழுபது நெருங்குகிறது. தாடி இருந்தது சீடருக்குத்தான்.

குருவின் பெயர் கோகிலவாணி. கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில், பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறையின் மாடியில் அவளுடைய ஆசிரமம். ஆசிரமம் என்று பேர் வைத்தது அங்கே வந்துபோகிறவர்களின் குசும்பு. படியேறினால் ஊதுபத்தி வாசனையெல்லாம் வராது, ஈயம் உருகுகிற வாசனைதான் வரும். சுவரோரம் நீளமாக ஒரு மேசை, அதன்மேல் தண்டவாளம், தண்டவாளத்தின்மேல் உள்ளங்கையில் அடங்குகிற ரயில்கள். பொம்மை ரயில் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அங்கே ஒருவரும் முகம்கொடுத்துப் பேசமாட்டார்கள். மாடல் என்று சொல்ல வேண்டும்.

பழைய மாடல் இன்ஜின்களுக்கு ஒரே ஒரு புத்திதான். தண்டவாளத்தில் கரண்ட் வந்தால் ஓடும், போனால் நிற்கும். அவற்றின் வயிற்றைத் திறந்து, நகத்தளவு சிப் ஒன்றை உள்ளே வைத்து, டிஜிட்டலுக்கு மாற்றுவதுதான் அங்கே நடக்கிற வேலை. மாற்றிவிட்டால் ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு நம்பர் வந்துவிடும். அந்த நம்பரைக் கூப்பிட்டால் அது மட்டும் அசையும். ஓட்டுகிறவரும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் கூடவே நடக்கலாம்.

கோகிலவாணி சொல்லித் தருவாள், செய்து தரமாட்டாள். "உங்க இன்ஜின் வயித்தை நீங்கதானுங்க தொறக்கோணும்" என்பது அவள் போட்ட ஒரே சட்டம்.

சீடர் நாச்சிமுத்து ஐயா ஞாயிறு தவறாமல் வருவார். நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். துண்டில் சுற்றிய கறுப்பு நீராவி இன்ஜின் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறுவார். மில்லுக்கு மெஷின் பொருத்த வந்த ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது, "உங்கள் வீட்டில் ஓடட்டும்" என்று தண்டவாளத்தோடு கொடுத்துவிட்டுப் போனது. அப்போது ஐயாவுக்குக் கல்யாணமான புதிது.

வருவார், துண்டைப் பிரிப்பார், ஸ்குரூ டிரைவரை எடுப்பார், கீழே வைப்பார். டீ குடிப்பார். மறுபடி துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"என்னங்கய்யா, இன்னைக்கும் நல்ல நேரம் அமையலீங்களா?" என்று மற்றவர்கள் சீண்டுவார்கள்.

"ஆகட்டும் இருங்கப்பா. இதென்ன ஓடியா போகுது?"

ஓடாததுதான் அவருடைய கஷ்டமே. மனைவி மயிலாத்தாள் போன மாசியில் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு வீட்டில் அந்த இன்ஜின் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. டிஜிட்டலுக்கு மாற்றினால் ஓடும் என்று யாரோ சொல்லித்தான் இங்கே வந்தார். வந்தாரே தவிர, கத்தி வைக்க மனசு வரவில்லை.

ஐப்பசி மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதுவும் கேட்காமலே ஸ்குரூவைக் கழற்றிவிட்டார். கோகிலவாணி நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். இன்ஜினைத் தொடவில்லை.

"மோட்டாருக்குக் கரண்ட் போற ஒரு கால் பாடியில ஒட்டியிருக்குது பாருங்க. அதைப் பிரிச்சு, நடுவுல பேப்பர் வெச்சிருங்க. அப்பத்தான் சிப் கருகாமப் பொழைக்கும்."

"நாப்பது வருசமா ஒட்டிக் கெடந்ததுங்க அம்மிணி."

"ஆமாங்க."

பிரித்தார். மில்லில் எத்தனையோ மெஷினைப் பிரித்த கை, அந்த ஒரு காலைப் பிரிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது. சிவப்பு வயர், கறுப்பு வயர், ஆரஞ்சு, சாம்பல் என்று ஒவ்வொன்றாகப் பற்றவைத்து மூடினார். தண்டவாளத்தில் வைத்து, ரிமோட்டைத் திருகினார்.

இன்ஜின் சத்தமே இல்லாமல் கிளம்பியது. எதுவரை நின்றிருந்தது, எப்போது ஓட ஆரம்பித்தது என்று சொல்ல முடியாத மாதிரி அப்படியொரு நடை. எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஐயா, ரயில் கூடவே நடந்து வாங்க!" என்றார் ஒருவர்.

ஐயா மேசையின் ஒரு கோடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "உக்காந்தாத்தானுங்க எனக்கு ஓட்ட வரும். பழக்கம்."

ஒரு சுற்று பார்த்தார். இன்னொரு சுற்று பார்த்தார். நிறுத்திவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோகிலவாணி பக்கத்தில் வந்தாள். "ஏனுங்கய்யா, ஏதாச்சும் சத்தம் வருதுங்களா?"

"ஒரு சத்தமும் இல்லீங்க அம்மிணி. அதுதான்..." கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். "இது எங்கூட்டு இன்ஜின் இல்லீங்க."

"உங்கூட்டு இன்ஜின் எப்படீங்க?"

"அது தானாக் கெளம்பாதுங்க. கரண்டைக் கூட்டறதுக்கு ரெகுலேட்டரைத் திருகுனா முனகிட்டு நிக்கும். ரெகுலேட்டரை மேசையோட இந்தக் கோடியில ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தேன், அதுக்கு வயரும் பத்தாது. அந்தக் கோடியில ஸ்டேஷன். ஸ்டேஷன்கிட்ட மயிலாத்தா உக்காந்திருப்பா. பின்னாலருந்து ஒத்தை விரல்ல ஒரு தட்டு. 'போ கண்ணு'ம்பா. போயிரும்."

கோகிலவாணி இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"கூட மாட்டுன தெறந்த கூட்ஸ் பெட்டியில வறுகடலை போட்டு அனுப்புவா. எங்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள பாதி கொட்டிப்போகும். அதுக்கு ஒரு சிரிப்பு சிரிப்பா பாருங்க..." அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது. "அவ தொடாம ஒருநாளும் அது கெளம்புனதில்லீங்க."

"நீங்க ஃபிட்டராச்சே. பழுது பாத்திருக்கலாமே?"

"பாத்திருக்கலாமுங்க. சித்தெ நேரத்து வேலை." ஐயா தலையைக் குனிந்துகொண்டார். "பாத்துட்டா அவ எதுக்குங்க அங்க வந்து உக்காரப்போறா?"

இன்ஜினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்தக் கோளாறைத் திருப்பித் தர முடியுங்களா?"

பின்னால் நின்ற ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோளாறு போகோணும்னுதானுங்க நாங்கெல்லாம் இங்க வர்றோம்!"

கோகிலவாணி சிரிக்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழமை நீங்க வரவேண்டாமுங்க ஐயா. நான் உங்கூட்டுக்கு வர்றேன்."

சொன்னபடி வந்தாள். சிங்காநல்லூரில் சின்ன வீடு. கூடத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு அந்த மேசை. ஒரு கோடியில் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்த பிரம்பு நாற்காலி, அதற்கு நேராக ஸ்குரூ போட்டு முடுக்கிய பழைய ரெகுலேட்டர். மறு கோடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்த முக்காலி. அதன்மேல் ஒரு தூசி இல்லை. தினமும் துடைக்கிறார் போலிருக்கிறது.

கோகிலவாணி பழைய ரெகுலேட்டரின் வயரைக் கழற்றினாள். கொண்டுவந்த டிஜிட்டல் பெட்டியைத் தண்டவாளத்தோடு இணைத்தாள். ரிமோட்டில் ஏதோ எண்களைத் தட்டினாள். இன்ஜினை எடுத்துப்போய், அந்தக் கோடி ஸ்டேஷனில், முக்காலிக்கு முன்னால் நிறுத்தினாள். திரும்பிவந்து ரிமோட்டை ஐயாவின் கையில் கொடுத்தாள்.

"மொத அடிக்குப் போற கரண்டைக் கொறைச்சு வெச்சிருக்கேனுங்க. திருகுங்க."

ஐயா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து திருகினார்.

இன்ஜின் முனகியது. நகரவில்லை.

"அதேதானுங்க!" ஐயா குழந்தை மாதிரி குதூகலமாகிவிட்டார். "அதே மொனகல்! அட சாமீ, கேளுங்க அம்மிணி, அச்சு அசல் அதே..."

சொல்லிக்கொண்டே எதிர்க் கோடியைப் பார்த்தார். முக்காலி மட்டும் இருந்தது.

இன்ஜின் முனகிக்கொண்டே இருந்தது.

"ரொம்ப நேரம் விட்டா மோட்டார் சூடாயிருமுங்க" என்றார் ஐயா. "யாராச்சும் தட்டோணும்."

"ஆமாங்க."

"நீங்க ஒரு தட்டு தட்டிவிடுங்க அம்மிணி."

கோகிலவாணி கையைக் கட்டிக்கொண்டாள். "நான் தட்டமாட்டேனுங்க."

ஐயாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்பறம் எதுக்குங்க இந்தக் கூத்தெல்லாம்? அக்கட்டால முக்காலியில ஆள் இல்லைன்னு எனக்குக் காட்டறதுக்கா? அது எனக்குத் தெரியாதா? ரெகுலேட்டர் இங்க, இன்ஜின் அங்க. நான் இங்க உக்காந்துட்டு அங்க எப்படீங்க தட்டறது?"

அவருடைய பெருவிரல் ரிமோட்டின் திருகிலேயே இருந்தது. அது அசைய அசைய, முனகலும் ஏறி ஏறி இறங்கியது.

"ரெகுலேட்டர் உங்க கையிலதானுங்க ஐயா இருக்குது" என்றாள் கோகிலவாணி. "வயர் இல்லீங்களே. எந்திரிச்சுப் போங்க."