ஓடத்துறைக்கு ஆள் பிடித்த கதை

வேங்கூர் ராஜா கண்டவர்மனுக்கு ஒரு ஆசை. ஜனங்கள் தன்னை வாயாரப் புகழவேண்டும். அமைச்சர் மழவராயர் அதற்கு வழி சொன்னார். அரண்மனை ஓடங்களில் ஜனங்கள் கொடுக்கும் கூலியைப் பாதியாக்கிவிடலாம், நஷ்டம் வராமலிருக்க ஓடக்காரர்களில் பாதிப்பேரை நிறுத்திவிடலாம் என்றார். ராஜா தலையாட்டினார்.

கூலி குறைந்ததும் துறையில் கூட்டம் நெரிந்தது. நாலு பேர் துடுப்புப் போட்ட ஓடத்தில் இரண்டு பேர் மூச்சு வாங்கினார்கள். அவர்களிலும் பலர் அக்கரை ராஜாவிடம் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் கல்யாணக் கோஷ்டி ஏறிய ஓடம் சுழலில் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளையே துடுப்புப் பிடித்துக் கரை சேர்ந்தார். அதற்குள் முகூர்த்தம் தப்பிவிட்டது. புகழவேண்டிய ஜனங்கள் ராஜாவைத் திட்டித் தீர்த்தார்கள்.

அந்த ஓடத்தில் நனைந்து வந்தவர்களில் சபை விகடன் வெண்காடனும் ஒருவன். நடந்ததைச் சபையில் சொல்லி, ஆளையும் கூலியையும் கூட்டச் சொன்னான். மழவராயருக்குச் சுருக்கென்றது. எல்லாம் ஓடக்காரர்களின் சோம்பல்தான் என்று சாதித்தார். பசி, களைப்புப் பாராமல், சம்பளம் கேட்காமல் உழைக்கிற ஆளை வெண்காடனே கொண்டுவரட்டும், முடியாவிட்டால் சபையை விட்டுப் போகட்டும் என்றார். ராஜாவும் அப்படியே உத்தரவு போட்டுவிட்டார்.

சபை வேலை போனால் வெண்காடன் வீட்டில் அடுப்பெரியாது. மறுநாள் சபைக்கு வெறுங்கையோடு வந்தான். மழவராயர் மீசையைத் தடவிக்கொண்டார். வெண்காடன் அவரிடமே போய், இத்தனை காலம் ராஜசேவை செய்ய எப்படி முடிகிறது என்று பணிவாக விசாரித்தான்.

அமைச்சர் ராஜாவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நான் பசி பார்த்தேனா, தூக்கம் பார்த்தேனா? களைப்பென்றால் என்னவென்றே தெரியாது. சம்பளத்துக்காகவா உழைக்கிறேன்? எல்லாம் மன்னர்மேல் உள்ள பக்தி."

வெண்காடன் ராஜா பக்கம் திரும்பிக் கும்பிட்டான். "ஆள் கிடைத்துவிட்டார், மன்னா. கையில் துடுப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள்."

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ராஜா சிரிக்காமல் உத்தரவிட்டார்.

சாயங்காலம் துறையிலிருந்து அமைச்சரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பழைய கூலியே நியாயமான கூலி, போனவர்களை நல்ல சம்பளம் தந்து திரும்பக் கூப்பிடலாம் என்று அவராகவே முனகினார்.

அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் இப்போது ராஜாவுக்குப் பீறிட்டு வந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டுவிட்டு, அமைச்சரைக் கேட்டார்.

"ஓடத்துக்கு எத்தனை பேரைப் போடலாம்?"

"என்னைச் சேர்க்காமல் எத்தனை பேரானாலும் சரி, மன்னா."