தாமரைக் குளமும் கும்மிப் பாட்டும்

முன்னொரு காலத்தில், வானம் பார்த்த ஒரு நாட்டில், ராஜாவுக்குக் கும்மிப் பாட்டுக் கேட்கும் ஆசை வந்துவிட்டது. சின்ன வயதில் அரண்மனை மாடத்தில் நின்று கேட்ட பாட்டு. இப்போதோ பௌர்ணமி வருகிறது, போகிறது, தெருவில் சத்தமே இல்லை. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்நாட்டில் ஒரு வழக்கம். புருஷன் ஊரில் இல்லாத பெண் கும்மியில் கைதட்ட மாட்டாள். வயல் காய்ந்து, பிழைப்புக்கு வழியில்லாமல், ஆண்களெல்லாம் கடற்கரை உப்பளங்களுக்குப் போய்விட்டார்கள். பிறகு யார் தட்டுவது? ராஜாவுக்கு இது தெரியாது. சொல்ல வேண்டிய மந்திரி அனந்தராயரோ அரண்மனைத் தாமரைக் குளத்தில் படகு விட்டுக்கொண்டிருந்தார்.

விகடகவி வேம்பனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. “அரசே, வேம்பன் கெட்டிக்காரனாயிற்றே! தைப் பௌர்ணமிக்குள் ஊரைப் பாட வைக்கட்டும். தவறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்” என்று கொளுத்திப் போட்டார். ராஜாவும் தலையசைத்துவிட்டார்.

ஊர் பாடாத காரணம் வேம்பனுக்குத் தெரியும். அவன் தங்கை செவந்தியும் தினமும் பாதையைப் பார்த்து ஏங்குகிறவள்தான்.

“ஆகட்டும் மகாராஜா. ஆனால், பாடுகிறவர்களுக்குத் தொண்டை வறண்டு கிடக்கிறது. நனைக்கத் தண்ணீர் வேண்டும்.”

“இதென்ன பிரமாதம்! அரண்மனைத் தண்ணீரில் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்.”

வேம்பன் நேரே போய்த் தாமரைக் குளத்து மதகைத் திறந்துவிட்டான். தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. மந்திரியின் படகு சேற்றில் உட்கார்ந்தது.

“அரசே, குளத்தையே காலி செய்துவிட்டான்!” என்று அலறினார் அனந்தராயர்.

“வேண்டிய மட்டும் என்பது தங்கள் வாக்கு, மகாராஜா. வயல் நனையாமல் அந்தத் தொண்டைகள் நனையாது.”

“பௌர்ணமி வரட்டும், பார்ப்போம்” என்றார் ராஜா.

நடவு தொடங்கியது. பெண்கள் கூலி நெல்லோடு வீடு திரும்பினார்கள். சேதி கேட்டு ஆண்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தைப் பௌர்ணமியன்று தெருவில் கும்மி எழுந்தது. ராஜா மாடத்திலிருந்து இறங்கி ஓடி வந்து, சின்னப் பிள்ளைபோல் சிரித்தார்.

“என்ன வேண்டும், கேள்!”

“மதகு இனி ஊரார் கையில் இருக்கட்டும், மகாராஜா.”

“தந்தோம். உனக்கு?”

வேம்பன் கும்மிக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். ஓரத்தில் ஒருத்தி கைகட்டி நிற்பதை ராஜா அப்போதுதான் பார்த்தார்.

“அவள் ஏன் தட்டவில்லை?”

“என் தங்கை, மகாராஜா. மாப்பிள்ளை கடைக்கோடி உப்பளத்தில் இருக்கிறார். சேதி எட்டவில்லை போலிருக்கிறது.”

ராஜா திரும்பினார். “அனந்தராயரே, உமது படகு சும்மாதானே கிடக்கிறது? கடலில் இறக்கி, நீரே போய் அவரை அழைத்து வாரும்!”

மந்திரி முகத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

செவந்தி மட்டும் சிரிக்கவில்லை. வேம்பனிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: “அண்ணே, மந்திரி ஐயாவுக்குப் படகு நல்லா ஓட்டத் தெரியுமில்ல?”