தவசி வெளியே வர ஒரு கையெழுத்து

மொட்டணம்பட்டிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னது சொன்னபடி நடக்கும். அதனாலேயே சுற்றுவட்டாரத்தில் யாரும் அவர்களிடம் வேலை சொல்வதில்லை. மேஸ்திரி அழகுமலை வெளியூர்க்காரர். பாவம், அவருக்கு அது தெரியாது.

ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் ஒரு முதியோர் இல்லம் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்த பெரியவர்களை வேறு இடத்துக்கு மாற்றி ஒன்பது வருஷம் ஆகிறது. இடத்துக்காரர் அதை விற்க நினைத்தார். உள்ளே என்னென்ன சாமான் மிச்சம் இருக்கிறது என்று எழுதி வரும்படி மேஸ்திரியிடம் சொல்ல, அவர் கருத்தப்பாண்டி, சடையாண்டி, தவசி என்று மூன்று பேரைப் பிடித்தார்.

"ஒரு மணி நேர வேலைதான். உள்ள ஒரு பாழுங்கிணறு புதர் மூடிக் கிடக்கு. எந்தப் பக்கம்னு போர்டு வச்சிருக்கு. போர்டுல போட்டிருக்கிறபடி நடந்துக்கங்க. மீறினீங்க, உசுருக்கு நான் பொறுப்பில்ல" என்றார் மேஸ்திரி.

தவசிக்கு அன்றைக்கு உயிரைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரட்டுப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். அவனுக்கு வயது முப்பத்தொன்பது. இதுவரை ஆறு இடம் தட்டிப் போய்விட்டது. கடைசியாகப் பெண் பார்க்கப் போனபோது, வாயைத் திறக்காமல் உட்காரும்படி அண்ணி சொல்லி அனுப்பியிருந்தாள். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை, பேர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அவனை ஊமை என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்த முறை பெண் பவளக்கொடி, தையல்கடை வைத்திருப்பவள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து தவசிக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் போனால் வேறு இடமில்லை என்கிற பயம் வேறு. அதனால் மடிப்புக் கலையாத புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டே வேலைக்கு வந்திருந்தான்.

கிணற்றைப் பற்றிய போர்டு கொல்லைப்பக்கம் இருந்தது. மூவர் கண்ணிலும் முதலில் பட்டது கேட்டில் தொங்கிய தகரப் போர்டு. 'பார்வையாளர்களுக்கு ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை மட்டுமே அனுமதி. மற்ற நேரங்களில் இல்லவாசிகள் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது.'

"இன்னைக்குப் புதன்கிழமை" என்றான் சடையாண்டி.

"அப்ப இல்லவாசியாத்தான் போகணும்" என்றார் கருத்தப்பாண்டி. மூவரில் மூத்தவர், பத்தாவது வரை போனவர். "அந்தா, வாட்ச்மேன் ரூம்ல ரிஜிஸ்டர் கிடக்கு. அதுல கையெழுத்துப் போட்டா நாம வாசி."

"ரூம் கேட்டுக்கு உள்ளல்ல இருக்கு, அண்ணே?" என்றான் தவசி.

"ரோட்டுப் பக்கத்து ஜன்னல் வழியா கைய மட்டும் விட்டு எடு."

"கை உள்ள போகலாமா? கையும் நம்ம கைதான?"

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். கை தானாக எங்கேயும் வந்து பார்ப்பதில்லை, ஆகவே அது பார்வையாளர் ஆகாது என்று கருத்தப்பாண்டி தீர்ப்புச் சொன்னார். தவசி கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டு ரிஜிஸ்டரை எடுத்தான். கரையான் தின்றது போக மிச்சமிருந்த பக்கத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டு, மேஸ்திரி கொடுத்த சாவியால் கேட்டைத் திறந்து முறைப்படி உள்ளே போனார்கள்.

கேட்டுக்குப் பத்தடி தள்ளி மதில் எப்போதோ இடிந்து விழுந்திருந்தது. அதன் வழியாக ஆடுகள் போய் வந்துகொண்டிருந்தன. ஆட்டுக்குப் படிக்கத் தெரியாது, அதைச் சொல்லிக் குற்றமில்லை என்று மூவரும் பேசிக்கொண்டார்கள்.

உள்ளே சுவருக்குச் சுவர் போர்டு. 'படியில் கைப்பிடியைப் பிடித்தே இறங்கவும்' என்று மாடிப்படியில் எழுதியிருந்தது. இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும் என்பதால் ஏறினார்கள். இறங்கும்போது துருப்பிடித்த இரும்புக் கைப்பிடி சுவரைவிட்டுக் கையோடு வந்துவிட்டது. பிடிக்கச் சொல்லியிருந்ததே தவிர எப்போது விட வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டடிக் கம்பியை மூவரும் பிடித்துக்கொண்டே அறை அறையாகப் போனார்கள். திரும்பும் இடத்திலெல்லாம் ஒரு ஜன்னல் உடைந்தது.

படுக்கையறைப் போர்டு இன்னும் கண்டிப்பானது. 'மதியம் 1 முதல் 4 வரை ஓய்வு. பல்செட்டைக் கழற்றி டம்ளரில் வைக்கவும்.'

"எனக்கு எல்லாமே சொந்தப் பல்லாச்சே" என்று சடையாண்டி கலங்கினான். அரை மணி நேரம் இழுத்துப் பார்த்தான், ஒன்றும் அசையவில்லை. கடைசியில் கருத்தப்பாண்டிதான் பெரிய மனசு பண்ணினார். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, மூன்று பேர் சார்பாகவும் டம்ளரில் போட்டார்.

மூவரும் படுத்தார்கள். இரண்டு பேர் தூங்கினார்கள். தவசி கம்பியைப் பிடித்தபடி பவளக்கொடியை நினைத்துக்கொண்டு கிடந்தான். நாலு அடித்ததும் முதல் ஆளாக எழுந்து, இருவரையும் கம்பியோடு இழுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். கேட்டின் உள்பக்கத்தில் ஒரு போர்டு இருந்தது.

'இல்லவாசிகள் பெற்ற பிள்ளைகளின் கையெழுத்து இல்லாமல் வெளியே செல்லக் கூடாது. இந்தப் போர்டுகளை யாரும் தொடக் கூடாது.'

"எனக்குக் கவலையில்ல. மக திருப்பூர்ல இருந்து நாளைக்கு வந்துருவா" என்றார் கருத்தப்பாண்டி.

"என் மகன் ஸ்கூல் விட்டு வந்து போட்டுருவான்" என்றான் சடையாண்டி.

இருவரும் தவசியைப் பார்த்தார்கள்.

"பிள்ளை இருந்தாத்தான் நான் வெளிய போகலாம். கல்யாணம் பண்ணாத்தான் பிள்ளை. வெளிய போனாத்தான் கல்யாணம்" என்று தவசி மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் சொல்லிப் பார்த்தான். எப்படிச் சொன்னாலும் அவன் உள்ளேதான் இருந்தான். கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான்.

ஐந்தரைக்கு ஒரு வேன் வந்து நின்றது. வீட்டுக்குப் போன கரட்டுப்பட்டிக்காரர்களிடம், மாப்பிள்ளை முதியோர் இல்லத்தில் இருப்பதாக அண்ணி சொல்லியனுப்பியிருந்தாள். பெண்ணின் அப்பாவுக்கு முகம் செத்திருந்தது.

"மாப்பிள்ளைக்கு என்ன வயசுங்க?"

"முப்பத்தொம்பதுங்க" என்றான் தவசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"கையில என்ன கம்பி?"

"கைப்பிடிங்க. பிடிச்சுக்கச் சொல்லியிருக்கு."

"வெளிய வாங்களேன், பேசுவோம்."

"வரணும்னுதாங்க நெஞ்சு கிடந்து அடிச்சுக்குது. போர்டு விட மாட்டேங்குது."

அப்பா வேனைத் திருப்பச் சொன்னார். பவளக்கொடி நகரவில்லை. கேட்டின் இருபக்கப் போர்டுகளையும் ஒன்றுவிடாமல் படித்தாள், அவன் அழுத முகத்தைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள்.

"முன்னாடி பார்த்தீங்களே ஒரு மாப்பிள்ளை, வர்றேன்னு சொன்ன தேதிக்கு வரவே இல்ல. இவரு ஒரு தகரப் போர்டு சொன்னதுக்கே இப்படிக் கட்டுப்படுறாரு. நான் சொன்னா கேக்க மாட்டாராப்பா? இவரையே பேசி முடிங்க."

தவசியின் கையிலிருந்து கம்பி நழுவப் பார்த்தது. நல்லவேளை, பிடித்துக்கொண்டான்.

கல்யாணம் இல்லத்திலேயே நடந்தது. பார்வையாளர் நேரம் ஞாயிறு நாலிலிருந்து ஆறு. நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பம். மிஞ்சிய அரை மணி நேரத்தில் ஊரே உள்ளே ஓடி வந்து, சடையாண்டி கம்பியைத் தாங்கிக்கொள்ள, தவசி தாலி கட்டினான். ஆறு மணிக்கு எல்லோரும் வெளியேறினார்கள். பவளக்கொடியும் பார்வையாளர் என்பதால் அவளும் கிளம்பினாள், அதன் பிறகு ஞாயிறுதோறும் நாலு மணிக்கு வந்து போனாள்.

மேஸ்திரி ஒருநாள் வந்து, "அந்தப் போர்டைக் கழட்டி எறிங்கடா" என்று கத்தினார். அதைத் தொடக் கூடாது என்று அதிலேயே எழுதியிருப்பதைக் காட்டினார்கள். உள்ளே ஆள் குடியிருக்கும் இடத்தை வாங்க யாரும் வரவில்லை. இடத்துக்காரரும் விட்டுவிட்டார்.

மறு வருஷம் மகள் பிறந்தாள். பூங்கொடி என்று பேர் வைத்தார்கள். ஒன்பதாம் மாதத்திலேயே அவள் விரலில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். "இது கிறுக்கல், கையெழுத்தில்ல" என்று கருத்தப்பாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அவர் மகள் கையெழுத்துப் போட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் சட்டம் பேச நேரம் இருந்தது.

ஆகவே கையெழுத்துப் பழகுவதற்காகவே, இல்லத்துக்கு எதிரே ரோட்டின் அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த பாலர் பள்ளியில் பூங்கொடியைச் சேர்த்தார்கள். கெட்டிக்காரப் பெண். ஒரு புதன்கிழமை மத்தியானம் தன் பேரை முழுசாக எழுதிவிட்டாள். சேதி கேட்டதும் தவசி முகம் கழுவி, பழைய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ரிஜிஸ்டரும் கம்பியுமாகக் கேட்டில் வந்து நின்றான். பூங்கொடி பென்சிலோடு பள்ளிக்கூடக் கேட்டுக்கு ஓடி வந்து நின்றாள். டீச்சர் மொட்டணம்பட்டிக்காரி. அன்று காலையில்தான் கேட்டில் மாட்டிய போர்டைத் தொட்டுக் காட்டினாள்.

'தந்தை நேரில் வந்து கையெழுத்திட்டால் மட்டுமே பிள்ளைகள் வெளியே அனுப்பப்படுவர்.'

"அப்பா, நீங்க வந்து போடுங்க, நான் வந்து போடுறேன்" என்று பூங்கொடி ரோட்டைத் தாண்டிக் கூப்பிட்டாள்.

"நீ வந்து போடு தாயி, நான் வந்து போடுறேன்" என்று தவசி இங்கிருந்து கூப்பிட்டான்.

நடுரோட்டில் இரண்டு சோற்றுத் தூக்குகளோடு நின்ற பவளக்கொடி, இந்தக் கேட்டையும் அந்தக் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கருத்தப்பாண்டி அவள் பக்கத்தில் வந்து, கண் கலங்கச் சொன்னார்.

"அப்பனும் மகளும் ஒரு போர்டைக்கூட மீறாம நிக்கிறாங்க பாரு, தாயி. நீ குடுத்துவச்சவ."