குச்சிப்பூச்சி சாய்ந்து நின்ற இடம்

இந்தக் கதையை நான் இருபத்திரண்டு வருடமாகச் சந்தேகித்து வருகிறேன். கதையில் மைனா பேசுகிறது, ஆமை வாசிக்கிறது. அதெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லை. குச்சிப்பூச்சி செய்த காரியம்தான் உறுத்துகிறது. அது ஏன் அப்படிச் செய்தது என்று கதையில் எங்கேயும் இல்லை.

சொன்னவர் ஜெபசீலி. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை, கிட்டத்தட்ட ஒரே வயது. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட்; யார் போட்ட பக்கத்தையும் யாரும் திறந்து திருத்தலாம். அன்று ஓர் அறக்கட்டளையின் கண் சிகிச்சை முகாம் அறிவிப்பை நான் திருத்திப் போட்டேன். முகாம் நடக்கும் இடம் மாறியிருந்தது. பழைய இடத்தின் மேல் குறுக்கே கோடு போட்டுக் காட்டிவிட்டு, கீழே புது இடம், தேதி, நேரம் எழுத வேண்டும். கோடு தொடங்க ஒரு டேக், முடிய ஒரு டேக்; டேக் என்றால் < > என்று இடமும் வலமும் கூர் காட்டும் இரண்டு குறிகளுக்கு நடுவே எழுதும் கட்டளை. முடிக்கும் டேகில் மட்டும் ஒரு சாய்ந்த கோடு இருக்கும்.

போட்டுவிட்டு மெஸ்ஸுக்குப் போனேன். இரண்டாவது தடவை சோறு வாங்கும்போதுதான் உறைத்தது. முடிக்கும் டேகை நான் போட்ட மாதிரி நினைவில்லை. போடவில்லை என்றால் புது இடம், தேதி, நேரம் எல்லாவற்றின் மேலும் கோடு விழுந்திருக்கும். முகாமே ரத்து என்றுதான் படிப்பார்கள். அந்தப் பக்கத்தை ஒன்றரை மணிக்கு அச்செடுத்து, அதை வைத்துத்தான் மலையடி ஊர்களிலிருந்து வேனில் ஆட்களை ஏற்றுவதாக ஏற்பாடு.

கை கழுவாமல் ஓடி வந்தேன். பக்கத்தைத் திறந்தால், பழைய இடத்தின் மேல் மட்டும் கோடு. மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்தது.

“என்ன அண்ணாச்சி, பாதிச் சோத்துல எந்திச்சு வந்துட்டியளா?” என்றார் ஜெபசீலி.

“சின்ன சந்தேகம் வந்துட்டு. ஆனா டேகை மூடித்தான் வச்சிருக்கேன், பாருங்க. நான் எதையும் மூடாம விட மாட்டேன்.”

“அது சரி” என்றார். “அந்தச் சாஞ்ச கோடு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?”

அவருடைய டிபன் பாக்ஸ் பையிலிருந்து வெளியே எடுக்கப்படாமல் மேசையில் இருந்தது. தினமும் ஒரு மணி அடித்ததும் சாப்பிட உட்காருகிறவர். அப்போது மணி ஒன்றரை ஆகப்போகிறது. அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி. அவர் கதையைத் தொடங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் காகிதம் இல்லை, திரை இல்லை. பிராணிகளுக்குப் பேச்சு இருந்தது. ஆற்றங்கரை வெள்ளை மணல்தான் பக்கம். சேதி இருப்பவர்கள் நண்டிடம் போய்ச் சொல்வார்கள். நண்டு காலால் மணலில் எழுதும். ஆமை வாசிக்கும். இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, ஓர் எழுத்து விடாமல், காட்டுக்கே கேட்கிற குரலில் வாசிக்கும். ஆமை எதையும் யோசிக்காது. தப்பு இருந்தால் சொல்லாது. புரியாதது வந்தால் பேசாமல் தாண்டிப் போகும். யாராவது மறுபடி வாசிக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் முதல் எழுத்திலிருந்து தொடங்கும்.

எப்படி வாசிக்க வேண்டும் என்று ஆமைக்குச் சொல்வது மைனாக்களின் வேலை. மைனாக்கள் ஜோடியாக வந்து வரியின் முன்னால் நிற்கும். முதுகோடு முதுகு சேர்த்து, ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் அலகை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு முதுகுக்கும் நடுவில் ஏதாவது ஒன்றை இடுக்கியிருக்கும். கூழாங்கல் இருந்தால் ஆமை உரக்க வாசிக்கும். இறகு இருந்தால் குழைந்து வாசிக்கும். முள் இருந்தால், வரியை வாசித்துவிட்டு “இது கிடையாது” என்று சொல்லும்.

அதுவரை எந்தச் சேதியும் ஒரு வரியைத் தாண்டியதில்லை. வரி முடிந்தால் வேலை முடிந்தது. மைனாக்கள் பறந்துவிடும். ஆகவே ஆமையிடம் தொடங்கு என்று சொல்லத்தான் ஆள் இருந்தது. போதும் என்று சொல்ல ஆள் இல்லை. அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஒரு வருடம் மழை முந்திக்கொண்டது. மேற்கே மலையில் இரண்டு நாளாகக் கொட்டியது. கட்டெறும்புகளின் புற்று ஆற்றோரப் பள்ளத்தில். புற்று நிறைய முட்டை. தெற்குப் பாறைக்குப் போங்கள் என்று எறும்புத் தலைவி முதல் நாளே எழுதச் சொல்லியிருந்தாள். காலையில் போய்ப் பார்த்தால் பாறை வெடித்துத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

ஓட்டமாக நண்டிடம் வந்தாள். “நண்டு மாமா, தெற்கை வெட்டிருங்க. வடக்கு மேடுன்னு கீழே எழுதுங்க. நான் முன்னால போய் மேட்டுல வளை தோண்டணும்.”

“நீ போம்மா. நான் எழுதினா எழுதினதுதான்” என்றது நண்டு.

முதல் வரியின் முன்னால் முள் மைனாக்களை நிறுத்தியது. அதற்குக் கீழே புதிதாக மூன்று வரி எழுதியது. நான்கு வரிச் சேதி அதுவே முதல் தடவை. எழுதிய மணலை ஒரு தரம் பெருமையாகப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது.

ஆமை வாசித்தது.

“தெற்குப் பாறைக்குப் போகவும். இது கிடையாது.”

எறும்புகள் தலையாட்டின.

“வடக்கு மேட்டுக்குப் போகவும். இது கிடையாது. முட்டைகளை உடனே தூக்கவும். இது கிடையாது. உச்சிப்பொழுதில் ஆறு ஏறும். இது கிடையாது.”

முட்டையைத் தூக்கி நின்ற எறும்புகளெல்லாம் கீழே வைத்தன.

“ஆறு ஏறாதாம்லா.”

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு.”

“நம்ம தலைவிக்கு ஒரு தூத்தல் விழுந்தாப் போதும், ஆறு ஏறிரும்” என்றது ஒன்று. எல்லாம் சிரித்தன. சிரித்துக்கொண்டே வளைக்குள் போய்ப் படுத்தன.

மேலே மருத மரக் கிளையில் ஒரு குச்சிப்பூச்சி இருந்தது. அந்தக் காலத்தில் குச்சிப்பூச்சி ஓரிடத்தில் நிற்காது. கிளை கிளையாக ஆடிக்கொண்டே திரியும். அதற்குப் புற்று இல்லை, அங்கே முட்டை இல்லை, எறும்புகள் உறவும் இல்லை. கிளையிலிருந்து அதற்கு ஆறு தெரிந்தது. மேற்கே செந்நிறத்தில் வெள்ளம் வளைவு திரும்பி வந்துகொண்டிருந்தது. கீழே எறும்புகள் சிரிப்பது கேட்டது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. இறங்கி ஓடியது.

“ஆமையண்ணே, மூணு வரியைத் தப்பா வாசிச்சுட்டீங்க.”

“எழுதினதை வாசிச்சேன். வெட்டச் சொன்னாங்க, வெட்டினேன். எதுவரைக்கும்னு யாரும் சொல்லல.”

“தப்புன்னு தெரிஞ்சா சொல்லக் கூடாதா?”

“என்னை யாரும் கேக்கல.”

குச்சிப்பூச்சி மைனாக்களிடம் ஓடியது. “பறந்து போயிருங்களேன்.”

“போனா முதல் வரி வெட்டாம நிக்கும். தெற்குப் பாறைக்குப் போயி மொத்தமா முங்கட்டுமா?” என்றது இடப்பக்க மைனா. அதுவும் சரிதான்.

முதல் வரி முடிகிற இடத்தில் போய்க் குச்சிப்பூச்சி தானே விறைப்பாக நின்றது. “அண்ணே, மறுபடி வாசிங்க.”

ஆமை முதலிலிருந்து தொடங்கியது. குச்சிப்பூச்சியை ஏதோ ஓர் எழுத்து என்று நினைத்து ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மேலே போனது. “வடக்கு மேட்டுக்குப் போகவும். இது கிடையாது.”

ஆறு மணலின் ஓரத்தைத் தொட்டது.

“எலே குச்சி, ஆமைக்கு எங்க பாஷைதான் புரியும்” என்றது வலப்பக்க மைனா. ஒரு கூவல் கூவியது. மரத்திலிருந்து இன்னொரு ஜோடி வந்து, அதே மாதிரி முள்ளை நடுவில் இடுக்கிக்கொண்டு வரி முடிவில் நின்றது.

“வாசிங்கண்ணே.”

“வடக்கு மேட்டுக்குப் போகவும். இது கிடையாது, இது கிடையாது.”

“ரெண்டு தடவை வெட்டுதே” என்றது குச்சிப்பூச்சி.

“முள்ளுன்னா வெட்டு. இன்னொரு முள்ளுன்னா இன்னொரு வெட்டு. அதுக்கு மேல அதுக்குத் தெரியாது.”

தண்ணீர் புற்றின் வாசலுக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. மணலின் கடைசி வரியில் ஈரம் ஏறியது. இன்னும் ஒரு வாசிப்புக்குத்தான் நேரம் இருந்தது.

முதல் ஜோடியும் இரண்டாவது ஜோடியும் ஒன்றுபோலவே இருந்தால் ஆமை என்ன செய்யும், பாவம். குச்சிப்பூச்சி இரண்டாவது ஜோடியின் நடுவில் தலையை நுழைத்தது. இடது மைனாவின் முதுகுக்கும் முள்ளுக்கும் இடையில் நேராக நிற்க இடமில்லை. உடம்பைச் சரித்தது. முள் விலாவில் குத்தியது. இன்னும் சரித்தது. சாய்ந்தபடி இறுகிக்கொண்டது.

“இப்ப வாசிங்க.”

“தெற்குப் பாறைக்குப் போகவும். இது கிடையாது.” ஆமை இரண்டாவது ஜோடியிடம் வந்தது. நின்று பார்த்தது. முதலில் பார்த்த அதே முள்தான். ஆனால் முள்ளை மறித்து முன்னால் ஒரு குச்சி சாய்ந்திருந்தது. ஆமை வெட்டை அங்கேயே விட்டுவிட்டுத் தாண்டியது.

“வடக்கு மேட்டுக்குப் போகவும்.”

அவ்வளவுதான். அதன் பின்னால் ஒன்றும் இல்லை.

“முட்டைகளை உடனே தூக்கவும். உச்சிப்பொழுதில் ஆறு ஏறும்.”

புற்று கலைந்தது. கறுப்புத் தாரையாக எறும்புகள் வடக்கே ஓடின. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளை முட்டை. தள்ளாமல், மிதிக்காமல், முன்னால் போவதன் காலைப் பார்த்துக்கொண்டே ஓடின. கடைசி எறும்பு வெளியே வந்ததும் தண்ணீர் வாசல் வழியாக உள்ளே போனது. அந்த எறும்புக்குப் பின்னங்கால் மட்டும் நனைந்தது.

வெள்ளம் பள்ளத்தை நிரப்பிவிட்டு, மணலின் கடைசி வரியை நனைத்ததோடு நின்றது. சாப்பிட்டு முடித்து நண்டு வந்தது. மேட்டிலிருந்து எறும்புகள் வாழ்த்தின. நண்டு மணலைப் பார்த்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

“நான் எழுதினா எழுதினதுதான், பாத்தீங்களா” என்றது.

ஆமையை யாரும் கேட்கவில்லை. குச்சிப்பூச்சி சாய்ந்தபடியே நின்றது.

“எலே, நண்டுகிட்டச் சொல்லேன்” என்று மைனா கிசுகிசுத்தது. “சொல்லிட்டு வெளியே வா. வேலைதான் முடிஞ்சுதே.”

“வெளியூர் போன எறும்பெல்லாம் இனிமேதான் திரும்பும். வந்து கேட்டா ஆமை மறுபடி வாசிக்கும். நான் நகந்தா மறுபடி வெட்டும்லா.”

அதற்குப் பின்னால் குச்சிப்பூச்சி நகரவில்லை. அன்று முதல்தான் அந்த இனம் கிளையில் எங்கே கண்டாலும் அசையாமல் சாய்ந்து நிற்கிறது. ஒன்றைத் தொடங்கும் டேக் வெறுமனே வர, அதை முடிக்கும் டேக் மட்டும் உள்ளே ஒரு சாய்ந்த குச்சியோடு வருவதும் அன்று முதல்தான்.

நண்டு வந்து பெருமையடித்த இடத்தில் நான் அன்று உரக்கச் சிரித்தேன். ஜெபசீலி சிரிக்கவில்லை. கதையை முடித்துவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறந்தார். முகாமுக்கு மூன்று வேன் நிறைய ஆட்கள் வந்ததாகத் தகவல் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நான் எதையும் மூடாமல் விடமாட்டேன் சார் என்று அவரிடமும் சொன்னேன்.

பிறகு எத்தனையோ பக்கங்கள் செய்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவை அந்தச் சாய்ந்த கோட்டைத் தட்டும்போதும் விரல் ஒரு கணம் நிற்கும். அன்று நான் அதைத் தட்டினேனா? தட்டியது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. யாரும் கூப்பிடாமல் குச்சிப்பூச்சி ஏன் இறங்கி ஓடியது என்று கதையைக் குறை சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் நாகர்கோவிலுக்குப் போன் போட்டேன். ஜெபசீலி இப்போது மகள் வீட்டோடு இருக்கிறார். குரல் மாறவில்லை.

“என்ன அண்ணாச்சி, அதிசயமா இருக்கு. இன்னும் டேக் மூடிக்கிட்டுதான் இருக்கியளா?”

ஊர் விஷயம், முட்டுவலி, மழை என்று கொஞ்ச நேரம் பேச்சு போனது. வைக்கப்போகும் நேரத்தில் கேட்டேன்.

“ஜெபா, அன்னைக்கு ஒன்றரை மணி வரைக்கும் நீங்க ஏன் சாப்பிடல?”